கிளாரினெட்டுக்கு ரீட் தேர்வு: பெட்டி வாங்குவதிலிருந்து கழித்துப்போடும் வரை

நாகஸ்வரச் சீவாளியில் இரண்டு தட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்கின்றன. கிளாரினெட்டில் தட்டை ஒன்றுதான்; அதைத்தான் ரீட் என்கிறோம். மவுத்பீஸின் திறந்த வாயை அது மூடி மூடித் திறப்பதால்தான் ஒலி பிறக்கிறது. அந்த ஒற்றைத் தட்டையின் நுனிக் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் சின்னக் கோளாறு இருந்தாலும் போதும். கருவி நல்லதாக இருந்தாலும், சாதகம் தவறாமல் நடந்தாலும், ஒலி அடைக்கும், கீச்சிடும், சுருதி இறங்கும். புதிதாகக் கற்பவர்கள் இதையெல்லாம் தங்கள் மூச்சின் குறை என்று எண்ணி மாதக்கணக்கில் வருந்துகிறார்கள்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, “எந்த கம்பெனி ரீட் நல்லது?” என்றுதான். இந்தக் கேள்விக்குள் இரண்டு தனி வேலைகள் கலந்து கிடக்கின்றன. உங்கள் மவுத்பீஸுக்கும் உதட்டுக்கும் எந்த வகை, எந்த எண் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது ஒன்று. அந்த வகைப் பெட்டியில் இருக்கும் பத்து ரீட்டுகளில் எது தேறும், எது தேறாது என்று பிரிப்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் ஒரு ரீட் சரியில்லை என்றதும் கம்பெனியை மாற்றுவார், அடுத்து எண்ணை மாற்றுவார், ஆறு மாதம் கழித்தும் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நிற்பார்.

ரீட் எதனால் ஆனது, எண் எதைச் சொல்கிறது

ரீட்டுக்கான நாணலின் தாவரப் பெயர் அருண்டோ டோனாக்ஸ். தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் விளைவது இதற்குப் பேர்போனது. அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதியிலும் ரீட்டுக்காகவே பயிரிடுகிறார்கள். சுமார் இரண்டு ஆண்டு வளர்ந்த தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் காயவைத்து, குழாய்களாக அறுத்து, நீளவாக்கில் பிளந்து, முகத்தைச் சீவுகிறார்கள். வழக்கமாக வாசிக்கப்படும் பி பிளாட் கிளாரினெட் ரீட்டின் நீளம் சுமார் 68 மி.மீ.; நுனி அகலம் சுமார் 13 மி.மீ.

கையில் எடுத்துப் பாருங்கள். பின்புறம் தட்டையாக இருக்கும். முன்புறத்தின் கீழ்ப்பாதியில் பளபளப்பான பட்டை அப்படியே விடப்பட்டிருக்கும். அதற்கு மேலே சீவிய பகுதி. சீவிய பகுதியின் மையத்தில் கனமான நடுமேடு, அதன் இரு பக்கமும் மெலிந்துகொண்டே போகும் ஓரங்கள், உச்சியில் நுனி. பட்டை முடிந்து சீவல் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் சில ரீட்டுகளில் பட்டையின் ஒரு கீற்றைக் குறுக்கே நேராக அரம் போட்டு எடுத்திருப்பார்கள். இது ‘ஃபைல்டு’ வகை. நுனி சற்று எளிதாக அசையும், மெதுவாக வாசிக்கும்போதும் ஸ்வரம் உடனே எழும்.

பெட்டியின் மேல் உள்ள 2, 2½, 3 போன்ற எண்ணைப் பலர் கனத்தின் அளவு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரே மாடலில் எல்லா ரீட்டுகளையும் இயந்திரம் ஒரே அளவில்தான் சீவுகிறது. சீவி முடித்தபின் ஒவ்வொன்றையும் இன்னொரு இயந்திரம் வளைத்துப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்து எண் கொடுக்கிறது. எனவே எண் சொல்வது நாணலின் விறைப்பை மட்டும். நார் நேராக ஓடுகிறதா, இடமும் வலமும் சமமாக இருக்கின்றனவா, நாணல் நன்றாக முதிர்ந்ததா என்பதையெல்லாம் அது சொல்லாது. ஒரே மரத்து மாங்காய்கள் எல்லாம் ஒரே புளிப்பாகவா இருக்கின்றன? ஒரே பெட்டியின் பத்து ரீட்டுகளும் அப்படித்தான்.

முதல் படி: மவுத்பீஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரீட் வாங்குமுன் உங்கள் மவுத்பீஸில் பொறித்திருக்கும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ரீட்டின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள திறப்பு எவ்வளவு என்பதே முக்கியம். புதியவர்களுக்குக் கருவியோடு அதிகம் வரும் யமஹா 4சி-யில் அது 1.05 மி.மீ. வான்டோரன் 5ஆர்வி லைரில் 1.095, அதே கம்பெனியின் பி45-இல் 1.195. எண்களைப் பார்த்தால் வித்தியாசம் தலைமயிர் அளவுகூட இல்லை என்று தோன்றும். உதட்டுக்கு அது மிகப் பெரிது.

விதி எளிது: திறப்பு அகலமாக இருந்தால் இளகிய ரீட், குறுகலாக இருந்தால் விறைப்பான ரீட். அகன்ற வாயை மூட ரீட் அதிக தூரம் வளைய வேண்டும், அதனால்தான். ஆகவே “நான் 3 வாசிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், எந்த மவுத்பீஸில் என்று கேட்காமல் அந்தத் தகவலால் பயனில்லை. வான்டோரனின் எம்13 மவுத்பீஸ் போல 1 மி.மீ. அளவில் திறப்புள்ளவற்றில் தேர்ந்தவர்கள் 3½, 4 வாசிப்பது வழக்கம். அதைப் பார்த்து பி45 வைத்திருப்பவர் 4 வாங்கினால் காற்றுதான் வரும்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை: யமஹா 4சி அல்லது அதற்கு நெருங்கிய மவுத்பீஸ் என்றால் வான்டோரனின் டிரெடிஷனல் வகை ரீட்டில் 2, உதடு ஓரளவு உறுதியான பெரியவர் என்றால் 2½. சிறு பிள்ளைகளுக்கு 1½-இல் ஆரம்பிக்கலாம். நாள்தோறும் அரைமணி நேரமாவது வாசிப்பவருக்குச் சில மாதங்களில் 2½ லேசாகத் தோன்றும். அப்போது 3-ஐத் தொட்டுப் பார்க்கலாம்.

மவுத்பீஸின் நுனி விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் எந்த ரீட்டும் சரியாக வாசிக்காது. பழைய கருவி வாங்கியவர்கள் இதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: எண் சரியா என்று கண்டறிதல்

ரீட் தேவைக்கு மேல் இளகியிருந்தால் ஒலி மெலிந்து ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடு வரும். பலமாக ஊதினால் சுருதி இறங்கும். மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் நசுங்கி நிற்கும். சற்று அழுத்திக் கடித்தால் ரீட் மவுத்பீஸோடு ஒட்டி ஒலியே நின்றுவிடும்.

தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் ஒலிக்கு முன்னால் காற்று கேட்கும். நாக்கு எடுத்தபின் ஸ்வரம் ஒரு கணம் தாமதித்து எழும். மெதுவாக வாசிக்கவே முடியாது. பத்து நிமிடத்தில் உதடு சோர்ந்து கீழ்ப்பல் அடையாளம் உள்உதட்டில் பதிந்திருக்கும். இந்தக் கடைசி அறிகுறியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விறைத்த ரீட்டோடு போராடிக் கடித்து வாசிக்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதை விடுவிக்கப் பல மாதம் ஆகும்.

சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. மவுத்பீஸையும் அதற்கு அடுத்த பேரலையும் மட்டும் பொருத்தி, சீரான மூச்சில் ஊதுங்கள். ட்யூனர் செயலியில் எஃப் ஷார்ப்புக்கு அருகே வர வேண்டும். அதைவிட நன்றாகக் கீழே தொங்கினால் ரீட் இளகியது, அல்லது உதடு தளர்ந்திருக்கிறது. மிஞ்சி மேலே போனால் கடிக்கிறீர்கள். பெரும்பாலும் விறைத்த ரீட்டே அதற்குக் காரணம்.

ஒரே ஒரு ரீட்டை வைத்து எண்ணைத் தீர்மானிக்கக் கூடாது. பெட்டியில் ஏழெட்டு ரீட் ஒரே அறிகுறியைக் காட்டினால்தான் எண் தவறு. அப்போதும் அரை எண் மட்டும் மாற்றுங்கள். இரண்டு இப்படியும் மூன்று அப்படியும் இருந்தால் எண் சரி, ரீட்டுகள்தான் வேறுபடுகின்றன.

பெரிய எண் வாசிப்பவர் பெரிய வித்வான் என்றொரு எண்ணம் மாணவர்களிடையே பரவிக் கிடக்கிறது. அதை அடியோடு விட்டுவிடுங்கள். எண் கூடுவது தேர்ச்சிக்கு அடையாளமே இல்லை. மவுத்பீஸுக்கும் வாசிக்கும் இசைக்கும் ஏற்றபடி அது அமைகிறது. கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் காட்டிய வழியில் கர்நாடக இசை வாசிக்க விரும்புபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கமகத்துக்காக ஸ்வரத்தை உதட்டாலும் விரலாலும் இழைத்து நகர்த்த வேண்டும். உதட்டின் அசைவுக்கு ரீட் இணங்க வேண்டுமே தவிர முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதே சமயம் தார ஸ்தாயியில் சுருதி சரியும் அளவுக்கு இளகியும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே உங்கள் எண் இருக்கிறது.

மூன்றாம் படி: வகையும் கடையும்

வான்டோரன் கம்பெனி 1905-இல் பாரிஸில் தொடங்கியது. அதன் நீலப் பெட்டி டிரெடிஷனலில் நுனி 0.09 மி.மீ., அடி 2.8 மி.மீ.; வி12-இல் நுனி 0.10, அடி 3.15; 56 ரூ லெப்பிக்கில் நுனி 0.11, அடி 3.25. அடி கனக்கக் கனக்க ஒலி திரளும், ஆனால் மூச்சும் கூடுதலாகக் கேட்கும். புதியவருக்கு டிரெடிஷனல் போதும். மெல்லிய நுனி சட்டென்று பேசும், விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. ரிகோ ஆரஞ்சுப் பெட்டி இன்னும் மலிவு, ஊதவும் எளிது. அது இப்போது டடாரியோ கம்பெனியிடம் இருக்கிறது.

ஒரு கம்பெனியின் எண்ணும் மற்றொன்றின் எண்ணும் ஒன்றல்ல. ரிகோ ஆரஞ்சின் 3, வான்டோரன் டிரெடிஷனலின் 2½-க்கு அருகே நிற்கும். கம்பெனி மாற்றும்போது அரை எண் இப்படி அப்படி ஆகும் என்று எதிர்பார்த்தே வாங்குங்கள். ஒரே கம்பெனிக்குள் மாடல் மாற்றினாலும் இதே கதைதான்.

கடையில் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். ‘பி பிளாட் கிளாரினெட்’ என்று இருக்க வேண்டும். ஈ பிளாட் கிளாரினெட் ரீட் சிறியது, பாஸ் கிளாரினெட் ரீட் பெரியது; ஆல்ட்டோ சாக்ஸபோன் ரீட் அகலம் கூடியது, உங்கள் மவுத்பீஸின் ஓரத்தை மீறி வழியும். ஜெர்மன் முறைக் கருவிக்கான ஒயிட் மாஸ்டர் போன்றவையும் அதே அலமாரியில் இருக்கலாம். அவை குறுகலானவை, இந்தியாவில் பெரும்பாலோர் வைத்திருக்கும் மவுத்பீஸில் ஓரத்தில் காற்று கசியும்.

உறை பிரித்த பெட்டியை வாங்காதீர்கள். எண் உறுதியாகத் தெரியாதவரை முழுப் பெட்டியும் வேண்டாம். உதிரியாக விற்கும் கடை கிடைத்தால் 2-இல் இரண்டு, 2½-இல் இரண்டு வாங்கி ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டி எடுங்கள்.

நான்காம் படி: கண்ணால் பார்த்துப் பிரித்தல்

பத்தையும் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அடிப்பக்கமாகப் பென்சிலால் 1 முதல் 10 வரை எண்ணும் தேதியும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஈரத்தில் மை ஊறும்.

பட்டையின் நிறம் பொன்மஞ்சளாக இருப்பது நல்லது. அங்கங்கே பழுப்புப் புள்ளிகள், வரிகள் இருந்தால் கவலை இல்லை. பச்சை சாயல் தெரிந்தால் நாணல் முழுதாகக் காயவில்லை. அந்த ரீட் முதல் வாரம் நன்றாகப் பாடி, பிறகு பஞ்சாகத் தொய்ந்துவிடும். அதை ஒதுக்கிவைத்துச் சில மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

அடுத்து அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். வில் போன்ற வளைவின் இடக்கோடியும் வலக்கோடியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்திருந்தால் அதைச் சீவும்போதே கோணல் விழுந்துவிட்டது.

பிறகு விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். சீவிய பகுதியில் ஒளி ஊடுருவும். நடுமேடு மட்டும் நிழலாக, நுனியை நோக்கிக் கூம்பிய வடிவில் தெரியும். அந்த நிழல் மையத்தில் நிற்கிறதா, இருபுறமும் ஒளி சமமா என்று பாருங்கள். நார்கள் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். நார் சாய்ந்து ஓரத்தை நோக்கிப் போகும் ரீட்டில் ஒரு பக்கம் அதிர்வு வெட்டுப்படும். நுனியருகே முடிச்சுபோல் கரும்புள்ளி இருந்தால் அதையும் பின்வரிசையில் வையுங்கள்.

கண்ணால் பார்த்துக் கழித்ததை உடனே குப்பையில் போடாதீர்கள். அழகில்லாத ரீட் அருமையாகப் பாடுவதும் உண்டு. கண் சோதனை எதை முதலில் வாசிப்பது என்ற வரிசையைத்தான் தருகிறது. நுனி கிழிந்தது, பிளந்தது மட்டும் நேரே குப்பைக்குப் போகட்டும்.

ஐந்தாம் படி: நனைத்தலும் மாட்டலும்

புது ரீட்டை ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் வையுங்கள். நுனி அலை அலையாக நெளிந்திருந்தால் அது தட்டையாகும்வரை இன்னும் ஒரு நிமிடம். அதற்குமேல் ஊறவைத்தால் நாணல் நீரைக் குடித்துக் கனத்து, மந்தமாக வாசிக்கும். பழகிய ரீட்டுக்கு அரை நிமிடம் போதும். வாயில் வைத்து நனைத்தாலும் சரி.

மாட்டும் முறை இது. முதலில் லிகேச்சரை (ரீட்டை மவுத்பீஸோடு சேர்த்துப் பிடிக்கும் வளையத்தை) மவுத்பீஸில் தளர்வாக இறக்குங்கள். அதன் பிறகு ரீட்டை மேலிருந்து அதனுள் செருகுங்கள். ரீட்டை வைத்துவிட்டு மேலே லிகேச்சரை இறக்கினால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது நுனியை உடைக்கும். ரீட்டின் இரு ஓரமும் மவுத்பீஸின் ஓரங்களோடு ஒத்துப்போக வேண்டும். நுனியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் ரீட்டுக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு மயிரிழை அளவு தெரிய வேண்டும். லிகேச்சர் மவுத்பீஸில் உள்ள கோட்டுக்குக் கீழே உட்காரட்டும். கீழ்த் திருகு ரீட் நகராத அளவுக்கு, மேல் திருகு அதைவிடத் தளர்வாக. இறுக்கி முறுக்கினால் ரீட் மூச்சடைத்துப்போகும்.

இப்போது கசிவுச் சோதனை. மவுத்பீஸை மட்டும் கழற்றி, அதன் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனிப்பக்கம் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீட் ஒரு கணமாவது ஒட்டி நின்று, பிறகு ‘டப்’ என்று விடுபட வேண்டும். ஒட்டவே இல்லையென்றால் ரீட்டின் பின்புறம் வளைந்திருக்கிறது, அல்லது சரியாக மாட்டவில்லை. திரும்ப மாட்டிப் பாருங்கள். ஆறேழு ரீட்டும் ஒட்டவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது மவுத்பீஸை.

ஆறாம் படி: வாசித்துப் பார்த்தல்

ஒவ்வொரு ரீட்டுக்கும் இரண்டு மூன்று நிமிடம் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் அதே ஸ்வரங்களை வாசியுங்கள். ராகம், பாட்டு எதுவும் வேண்டாம். பாட்டில் இறங்கினால் காது ரீட்டை விட்டுவிடும்.

விரல் எதுவும் வைக்காத திறந்த ஜி-யில் தொடங்குங்கள். மெதுவாக எடுத்து, பெரிதாக்கி, மறுபடி மெதுவாக்கி முடியுங்கள். தொடக்கத்தில் காற்றுச் சத்தம் வருகிறதா, முடிவில் ஒலி அறுந்துபோகிறதா என்று கேளுங்கள். அதே ஸ்வரத்தில் நாக்கால் ‘து து து து’ என்று வேகமாக வெட்டுங்கள். நல்ல ரீட் ஒவ்வொரு வெட்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும். பிறகு எல்லா விரலும் மூடிய கீழ் ஈ வரை இறங்கி, ரெஜிஸ்டர் சாவியைத் தொட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவுங்கள். தாவும் இடத்தில் தயக்கமோ கீச்சோ வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பக்கச் சோதனை. ஒரு புதியவர் கற்றுக்கொள்ளக்கூடிய சோதனைகளில் இதுவே மிகப் பயனுள்ளது. திறந்த ஜி-யை வாசித்துக்கொண்டே கருவியைச் சற்று ஒரு பக்கமாகத் திருப்புங்கள். உதடு ரீட்டின் ஒரு ஓரத்தை மட்டும் அழுத்தும். மறு ஓரம் தனியாக அதிரும். இப்போது எதிர்ப்பக்கம் திருப்புங்கள். இரண்டு திருப்பத்திலும் ஒலி ஒன்றுபோல் திறந்து வந்தால் ரீட் சமநிலையில் இருக்கிறது. ஒரு திருப்பத்தில் அடைத்தாற்போல், கரகரப்பாக வந்தால், அப்போது உதடு தொடாத ஓரமே விறைப்பான ஓரம். எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள். காரணம் தெரியாத கீச்சுகளில் பலவற்றுக்கு இந்தச் சமமின்மைதான் வேர்.

அப்படியிருந்தும் எல்லா ரீட்டும் ஒரே ஸ்வரத்தில் கீச்சிட்டால் பழியை ரீட்டின் மேல் போடாதீர்கள். விரல் துளையைச் சரியாக மூடாதது, சாவியின் அடியில் துளையை மூடும் பேட் கசிவது, மவுத்பீஸை வாய்க்குள் அதிகம் தள்ளுவது ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: இன்றே நன்றாக இருப்பவை, சற்று விறைப்பானவை, இளகியவை. முதல்நாளில் மிக எளிதாகப் பாடும் ரீட்டை அதிகம் நம்ப வேண்டாம். வாசிக்க வாசிக்க நாணல் இளகும்; இன்று சரியாக இருப்பது அடுத்த வாரம் தொய்யலாம். இன்று ஒரு மாற்றுக் குறைவாக, கொஞ்சம் எதிர்ப்போடு இருக்கும் ரீட்டுதான் பெரும்பாலும் நீண்டகாலம் உழைக்கும்.

ஏழாம் படி: முதல் வாரம் பழக்குதல்

புது ரீட்டை மாட்டி ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசிப்பது அதைக் கெடுப்பதற்கு நேர்வழி. திடீரென்று நீரை உறிஞ்சி, அதிர்ந்து, பிறகு உலரும் நாணல் கோணிவிடும். நான்கு ரீட்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், நடு ஸ்தாயியில், மிதமான பலத்தில். மறுநாள் பத்து நிமிடம். மூன்றாம் நாள் பதினைந்து. மேல் ஸ்தாயியைச் சற்றுத் தொடலாம். ஐந்தாறு நாளில் முழுச் சாதகத்துக்குத் தயாராகிவிடும்.

ஒவ்வொரு முறையும் கழற்றியதும் விரல்களால் ஈரத்தைத் துடைத்து, கண்ணாடியின் மேல் தட்டையாக வைத்து, பட்டையிலிருந்து நுனி நோக்கிக் கட்டைவிரலால் சிலமுறை அழுத்தித் தடவுங்கள். திறந்து நிற்கும் நார்த்துளைகள் படியும். நீர் குடிப்பது குறையும். நுனியிலிருந்து கீழ்நோக்கி எப்போதும் தடவாதீர்கள், நார் பிரியும்.

அதன் பிறகு நான்கையும் சுழற்சியில் வாசியுங்கள்: இன்று 1, நாளை 2. ஒரே ரீட்டைத் தேயத் தேய வாசிப்பவருக்கு அது உடையும் நாளில் கையில் எதுவும் இருக்காது. கச்சேரி அன்று அப்படி நேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தவிர, மெல்ல மெல்ல இளகும் ஒரே ரீட்டுக்கு உதடு தன்னையறியாமல் பழகிவிடும். புதிய ரீட் எதுவும் பிடிக்காமல் போகும்.

சிறு திருத்தங்கள்

கத்தி எடுப்பதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். ரீட் சற்று விறைப்பாக இருந்தால் நுனியை மவுத்பீஸின் நுனியிலிருந்து மயிரிழை கீழே இறக்குங்கள். இளகியிருந்தால் மயிரிழை மேலே ஏற்றுங்கள். இடமோ வலமோ மிகச் சிறிது நகர்த்துவதும் பக்கச் சமமின்மையைச் சில சமயம் தீர்த்துவிடும்.

கசிவுச் சோதனையில் தோற்ற ரீட்டின் பின்புறத்தைத் தட்டையாக்க, பெயின்டர்கள் பயன்படுத்தும் 600 நம்பர் வாட்டர் பேப்பர் ஒரு துண்டு போதும். அதைக் கண்ணாடியின் மேல் விரித்து, காய்ந்த ரீட்டைப் பட்டைப் பகுதியில் மட்டும் விரல்வைத்து, நீளவாக்கில் ஐந்தாறு முறை இழுங்கள். நுனி தாளுக்கு வெளியே இருக்கட்டும். தேய்ந்த இடம் நிறம் மாறித் தெரியும். நடுவில் மட்டும் தேயாமல் இருந்தால் அங்கே பள்ளம். முழுவதும் ஒரே நிறமானதும் நிறுத்திவிடுங்கள்.

பக்கச் சோதனையில் விறைப்பாக வந்த ஓரத்தை மட்டும், நுனிக்குச் சற்றுக் கீழே, அதே தாளின் சிறு துண்டால் இரண்டு மூன்று முறை லேசாகத் தேய்த்து, மாட்டி வாசித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மறுபடி இரண்டு. எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. நடுமேட்டில் கைவைக்கவே கூடாது. ரீட்டின் பலமும் ஒலியின் திரட்சியும் அங்கேதான் இருக்கின்றன. அது தேய்ந்தால் ரீட் முடிந்தது.

இளகிய ரீட்டின் நுனியை வெட்டும் கருவி கடைகளில் கிடைக்கிறது. வெட்டினால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்ட வேண்டும். வெட்டியபின் நுனி தடித்துவிடும் என்பதால் அதை மெலிதாக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இதை விட்டுவிடலாம்.

வைத்திருத்தல், கழித்தல்

வாசித்து முடித்த ரீட்டை மவுத்பீஸிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மூடுவது நம்மூர் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு அழைப்பு. கழற்றி, துடைத்து, தட்டையான தளமுள்ள ரீட் கேஸில் வையுங்கள். கேஸில் காற்றுத்துளை இருக்கட்டும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ரீட் மந்தமாவதும், ஏசி அறையில் நுனி நெளிவதும் வழக்கம். ஏசி அறையில் வாசிக்கும் நாளில் இன்னும் அரை நிமிடம் கூடுதலாக நனையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் நாணல் நிம்மதியாக இருக்கும். அதற்கென்று விற்கும் ஈரப்பதப் பொட்டலத்தை கேஸுக்குள் போட்டு வைக்கலாம். சிலிக்கா ஜெல் அளவுக்கு மேல் உலர்த்திவிடும், வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் ரீட்டுகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

செயற்கை ரீட்டுகளும் உண்டு. கனடாவின் லெஜேர் பலருக்குத் தெரிந்த பெயர். நனைக்க வேண்டாம், மழைக்கும் ஏசிக்கும் மாறாது, எண்ணும் கால் கால் அளவில் கிடைக்கிறது. ஒன்றின் விலை ஒரு பெட்டி நாணல் ரீட்டின் விலைக்கு நெருங்கும். உங்கள் எண் எது என்று நாணலில் உறுதியான பிறகே அதற்குப் பணம் போடுங்கள். திறந்தவெளியில் மணிக்கணக்கில் வாசிக்கும் பேண்டுக்காரர்களுக்கு அது நல்ல துணை.

தினமும் வாசிக்கப்படும் ரீட் சில வாரங்களே தாங்கும். சுழற்சியில் இருந்தால் இன்னும் சிறிது காலம். எச்சிலும் அதிர்வும் நாரைத் தளர்த்துகின்றன. அதைத் தடுக்க வழியில்லை. நுனி கறுத்து வெளிச்சத்தில் ஒளி ஊடுருவாமல் போனாலோ, மேல் ஸ்தாயி திடீரென்று சுருதி இறங்கினாலோ, எவ்வளவு நனைத்தாலும் நுனி நெளிந்தே நின்றாலோ அதன் காலம் முடிந்தது. பூஞ்சை தெரிந்தால் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், அது வாய்க்குள் போகிற பொருள்.

சுழற்சியில் ஒன்று கழிந்ததுமே பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்துப் பழக்கத் தொடங்குங்கள். பழகாத ரீட் இரண்டுதான் மிச்சம் என்றால் புதுப் பெட்டி வாங்கும் நேரம் வந்துவிட்டது.